கூட்டத்தைப் பார்த்து நிற்கும் ஃப்ளாஷ்: கச்சேரிக் கணக்கில் கோடாக்ஸ் வி1

பெங்களூரில் கேமரா வாடகைக் கடைக்குப் போய் ஃப்ளாஷ் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது கோடாக்ஸ் வி1தான். கல்யாண மண்டபத்தில் அது நன்றாக உழைக்கும். அதில் யாருக்கும் வழக்கில்லை. கச்சேரியில் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தை எடுப்பது வேறு வேலை. அந்த வேலைக்கு வி1 எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் நாலு வரிசைக்கு இது அருமையான விளக்கு. ஐந்தாவது வரிசைக்கு அப்பால் எந்த ஃப்ளாஷும் வீண்தான், அங்கே இருக்கிற வெளிச்சம்தான் கதி. அந்த நாலு வரிசைக்கும்கூட அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்த எண்கள் ஒன்றும் உதவாது.

எண்களைப் பார்ப்போம். வட்டத் தலை. 76 வாட்-செகண்ட் திறன். தலைக்குள் ஜூம் 28 முதல் 105 மி.மீ. வரை. 7.2 வோல்ட், 2600 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி. முழுத் திறனில் ஒருமுறை அடித்தால் மறுபடி தயாராக ஏறத்தாழ 1.5 செகண்ட் ஆகும். ஒரு சார்ஜில் முழுத் திறனில் 480 முறை அடிக்கும் என்பது நிறுவனக் கணக்கு. பேட்டரியோடு எடை அரைக் கிலோவுக்கு ஒரு பிடி கூட. இதையெல்லாம் பெரிதாகப் போட்டிருப்பார்கள். திறனை 1/256 வரை இறக்கலாம் என்பது மட்டும் ஓரத்தில் இருக்கும். கச்சேரிக்கு முக்கியம் அதுதான்.

ஏன் என்று கேட்டால் ஒரு சின்னப் பெருக்கல் போட வேண்டும். அபர்ச்சரை (லென்ஸ் திறப்பின் எஃப் எண்) மீட்டர் தூரத்தால் பெருக்கினால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 100க்கு வேண்டிய கைடு நம்பர், அதாவது ஃப்ளாஷின் பலத்தைக் காட்டும் எண், வரும். ஐஎஸ்ஓ பதினாறு மடங்கு ஏறினால் அந்த எண்ணை நாலால் வகுக்க வேண்டும். கிளப்பில் வழக்கமாக வைக்கிற அளவையே எடுத்துக்கொள்வோம்: எஃப்/4, 3 மீட்டர், ஐஎஸ்ஓ 1600. நாலு மூணு பன்னிரண்டு. அதை நாலால் வகுத்தால் மூணு. வேண்டியது அவ்வளவுதான், கைடு நம்பர் 3. கடைகளில் 60 என்று சொல்லி விற்கிற பெரிய ஃப்ளாஷ்களின் எண் 200 மி.மீ. ஜூமில் அளந்தது. அகல லென்ஸுக்காக வெளிச்சத்தை விரித்தால் அது சுமார் 30 ஆக இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதில் மூணு என்றால் பத்தில் ஒன்று. திறன் அந்த எண்ணின் வர்க்கம் என்பதால் திறனில் அது நூறில் ஒரு பங்கு. அதாவது 1/64க்கும் 1/128க்கும் நடுவே. முழுத் திறனில் எத்தனை செகண்டில் ரீசார்ஜ் ஆகிறது என்ற கேள்வியே அங்கே எழாது. 1/64இல் செகண்டுக்கு நாலைந்து ஃபிரேம் அடித்தாலும் வி1 மூச்சு வாங்காது. ஒரு பேட்டரி ஒரு ராத்திரியைத் தாராளமாகத் தாண்டும்.

இதே கணக்கைப் பிரைம் லென்ஸோடு (ஜூம் இல்லாத, அகலத் திறக்கிற லென்ஸ்) போட்டால் எதிர்ப்பக்கச் சிக்கல் தெரியும். எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200, 2 மீட்டர். வேண்டிய எண் 1 தான். திறனில் ஏறத்தாழ 1/900. வி1 தன் கடைசிப் படியான 1/256க்கு இறங்கினாலும் இரண்டு ஸ்டாப்புக்குக் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு அல்லது பாதி) கொஞ்சம் குறைவாக முகம் வெளுக்கும். "ஃப்ளாஷ் போட்டா மூஞ்சி பால் மாதிரி வெளுக்குது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள். லென்ஸ் எஃப்/1.8 வரை திறக்கும் என்பதற்காகத் திறந்து வைக்காதீர்கள். கிட்டே நின்று ஃப்ளாஷ் அடிப்பதாக இருந்தால் எஃப்/4 அல்லது எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800 முதல் 1600. மூடினால் ஃபோகஸுக்கும் நல்லது. 24 மி.மீ. லென்ஸை முழு ஃபிரேம் கேமராவில் எஃப்/5.6இல் வைத்து மூன்றரை மீட்டரில் கையால் ஃபோகஸை நிறுத்திவிட்டால் 1.7 மீட்டரிலிருந்து கடைசி வரிசை வரை எல்லாம் கூர்மை. இருட்டில் ஆட்டோஃபோகஸ் துழாவுகிற தொல்லை இல்லை. ஃப்ளாஷின் சிவப்பு உதவி விளக்கைப் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் கண்டுகொள்வதும் இல்லை, அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்

வி1இன் வட்டத் தலைக்குக் கொடுக்கிற காசு எங்கே திரும்பி வருகிறது என்றால், இங்கே.

தடுப்பிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிற்கிறீர்கள். முதல் வரிசை 1.5 மீட்டர், நாலாவது வரிசை சுமார் 3.6 மீட்டர். தூரம் இரண்டரை மடங்குக்கு ஒட்டி. வெளிச்சம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. இரண்டரை ஸ்டாப் வித்தியாசம். நேராக அடித்தால் முன்வரிசைப் பையனின் வெள்ளைச் சட்டை வெடித்துக் கிடக்கும், அவனுக்குப் பின்னால் மூன்றாவது ஆள் கரியாக இருப்பான். இதற்குத் திறனைக் கூட்டுவதும் குறைப்பதும் மருந்து இல்லை. வெளிச்சத்தின் நடுப்பகுதி நாலாவது வரிசைக்கு மேலே போகும்படி தலையை நிமிர்த்த வேண்டும். முன்வரிசைக்கு அதன் ஓரம் மட்டும் படும். முதலில் ஒரு படி தூக்குங்கள். முன்வரிசை இன்னும் வெளுத்திருந்தால் இன்னொரு படி. சதுரத் தலையில் ஓரம் கத்தி போல் வெட்டும், பாதி முகம் வெளிச்சம் பாதி முகம் இருட்டு என்று கோடு விழும். வட்டத் தலையில் ஓரம் மெல்லக் கரைகிறது. அதனால் முன்வரிசை குறைவாகவும் பின்வரிசை அதிகமாகவும் வாங்கிக்கொண்டு இரண்டும் சமனாகி வருகின்றன.

இதில் ஒரு பொறி உண்டு. தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி என்றால் அல்சூரிலிருந்தும் ஓசூர் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அப்பா தோளில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். தலையை நிமிர்த்தி வைத்திருக்கிற ஃப்ளாஷின் நடு வெளிச்சம் நேரே அந்தக் குழந்தையின் முகத்துக்குப் போகும். அப்பா இருட்டில், பிள்ளை வெள்ளைத் தாளாக. தோளில் குழந்தை தெரிந்தால் தலையைப் பழையபடி இறக்கி, திறனை ஒரு ஸ்டாப் குறைத்து அடியுங்கள். திரும்பத் திரும்ப அதே குழந்தைக்கு நேரே அடிக்கவும் வேண்டாம். பக்கத்தில் பெற்றவர் கண்ணைப் பார்த்து ஒரு தலையாட்டல் வாங்கிக்கொண்டு எடுப்பது மரியாதை.

இன்னொரு வழி உயரம். தடுப்பின் உள்பக்கத்தில் காவலர்கள் ஏறி நிற்கிற படித்தகடு இருக்கும். அவர்களிடம் கேட்டு அதில் ஒரு கால் வைத்து, கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்துப் பிடித்தால் ஃப்ளாஷ் கூட்டத்தின் தலைக்கு ஒன்றரை மீட்டர் மேலே வந்துவிடும். அப்போது முதல் வரிசை 2.1 மீட்டர், நாலாவது 3.9 மீட்டர். வித்தியாசம் இரண்டரை ஸ்டாப்பிலிருந்து இரண்டுக்குள் இறங்கிவிடும், ஒரு பைசா செலவில்லை. அரைக் கிலோ ஃப்ளாஷும் கேமராவும் லென்ஸும் சேர்ந்து கைக்கு மேலே ஒரு பாட்டு முழுக்க நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாலு ஃபிரேம் எடுத்து இறக்குங்கள்.

டிடிஎல் (ஃப்ளாஷின் திறனைக் கேமராவே அளந்து வைக்கிற முறை) வேண்டாம். கருப்புப் பின்னணியைப் பார்த்து ஏமாந்து முன்வரிசைக்கு அள்ளிக் கொடுக்கும். அடுத்த ஃபிரேமில் ஒரு வெள்ளை வேட்டி நடுவே வந்தால் கஞ்சத்தனம் பண்ணும். போதாக்குறைக்கு டிடிஎல் முதலில் ஒரு சோதனை மின்னல் அடிக்கும். மெதுவான ஷட்டரோடு ரியர் கர்ட்டனும் (ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்னால் ஃப்ளாஷ் அடிக்கிற முறை) சேர்ந்தால் அந்தச் சோதனை மின்னலுக்கும் உண்மை மின்னலுக்கும் நடுவே இடைவெளி நீண்டு, கூட்டம் கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் படம் பதியும். மேனுவல் 1/64இல் ஆரம்பித்து, கிட்டே போனால் ஒரு படி கீழே, பின்னே வந்தால் ஒரு படி மேலே. தூரம் இருமடங்கானால் இரண்டு ஸ்டாப் என்பது விரலில் ஊறிவிட்டால் போதும். ஆனால் 6 மீட்டரில் 1/16 தேவைப்படும் என்று கணக்கு சொன்னாலும், அங்கே அடித்தால் நடுவே நிற்கிறவர்களின் முதுகுதான் வெளுக்கும்.

ஷட்டர்தான் இருக்கிற வெளிச்சத்தின் குழாய். ஃப்ளாஷின் பங்கை அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும் திறனும் தீர்மானிக்கின்றன. பின்னால் தெரிகிற மேடை ஒளியின் பங்கை இவற்றோடு ஷட்டரும் தீர்மானிக்கிறது. 1/200 வைத்தால் கூட்டம் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போல இருக்கும், ரேஷன் கார்டு படம். 1/30க்கு இறக்கினால் பின்னால் உள்ள ஊதாவும் மஞ்சளும் ஊறி வரும். 1/15இல் தூக்கிய கைகள் வால் விடும். குறைந்த திறனில் மின்னல் மிகச் சிறிது நேரமே நீடிக்கிறது; வி1இன் நீளம் 1/300 செகண்டிலிருந்து 1/20000 செகண்ட் வரை என்று போட்டிருக்கிறார்கள், திறன் இறங்க இறங்க அது சுருங்கும். அதனால் ஷட்டர் 1/15 ஆனாலும் முகம் கல்லில் செதுக்கியது போல் நிற்கும், அதைச் சுற்றி ஒளி மட்டும் இழுபடும். அந்த வால் ஆட்டத்தின் பின்னால் விழ வேண்டுமானால் ரியர் கர்ட்டன். கேனான் வகை வி1இல் இதை ஃப்ளாஷிலேயே மாற்றலாம். நிக்கானிலும் சோனியிலும் கேமரா மெனுவுக்குள் போக வேண்டும். இருட்டில் மெனு தேடுவது பெரும்பாடு, வீட்டிலேயே ஒரு பட்டனுக்கு ஏற்றி வைத்துவிடுங்கள். எச்எஸ்எஸ் என்ற அதிவேக வசதியை அணைத்து வையுங்கள், இங்கே அதற்கு வேலை இல்லை. படம் வெறும் கருப்பாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எலக்ட்ரானிக் ஷட்டர். பெரும்பாலான கேமராக்களில் அது இருந்தால் ஃப்ளாஷ் எரியாது.

நிறம். ஃப்ளாஷ் சுமார் 5600 கெல்வின், வெள்ளை. மேடை விளக்குகளில் கூட்டத்தின் மேல் திருப்பி வைத்திருக்கும் பிளைண்டர்கள் பழைய ரகமானால் 650 வாட் பல்புகள், 3200 கெல்வின், குங்குமப்பூப் பால் நிறம். வெறும் ஃப்ளாஷை அதோடு கலந்தால் முன்வரிசை மட்டும் வேறு ஊர்க்காரர்கள் போலத் தெரிவார்கள். அரை ஆரஞ்சு ஜெல் (ஃப்ளாஷ் முகத்தில் ஒட்டுகிற நிறத் தாள்) போட்டால் ஃப்ளாஷ் 3800 பக்கம் இறங்கும். கேமராவை 4000இல் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம். முழு ஆரஞ்சு 3200க்கு; பிளைண்டர் நிறைய எரிகிற மேடைக்கு மட்டும். அரை ஜெல் கிட்டத்தட்ட அரை ஸ்டாப் தின்னும். மேலே சொன்ன முகம் வெளுக்கிற சிக்கலுக்கு இதுவே ஓரளவு மருந்து. வி1இன் ஜெல்லும் டிஃப்யூசரும் (வெளிச்சத்தைப் பரப்புகிற மூடி) காந்தத்தில் ஒட்டுகின்றன. மண்டபத்தில் சுகம்தான். தடுப்பருகே இடிபாடு உள்ள இடத்தில் காந்தத்தை நம்பக் கூடாது. கேஃபர் டேப் என்ற துணி நாடாவால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். துணைப் பையில் வரும் வெள்ளை உருண்டை டிஃப்யூசரைக் கூட்டத்துக்கு எடுத்துப்போகவே வேண்டாம். திறந்த மைதானத்தில் அது வெளிச்சத்தில் பெரும்பங்கை வானத்துக்குக் கொடுக்கும், பெங்களூர் கிளப்புகளில் பலவற்றின் கூரை கருப்புப் பெயின்ட், அங்கேயும் எதுவும் திரும்பி வராது.

எங்கே அணைக்க வேண்டும்

சௌடையா நினைவு மண்டபத்தில் வி1ஐப் பையிலேயே விடுங்கள். வயலின் வடிவில் கட்டிய அந்த மண்டபத்தில் கச்சேரி கேட்க வந்தவர் முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பது அபசாரம். சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் ராமநவமிப் பந்தலும் அப்படித்தான். 1939இல் தொடங்கிய ஸ்ரீராமசேவா மண்டலியின் விழா அது, முன்வரிசையில் பாதிப் பேர் கண்ணை மூடித்தான் கேட்பார்கள். அங்கே ஃப்ளாஷ் தேவையும் இல்லை. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் அவையின் விளக்கை முழுக்க அணைக்கிற வழக்கம் குறைவு. 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/2, 1/100, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற விளக்கு செகண்டுக்கு 100 முறை துடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை 1/100க்கு மேல் ஓட்டினால் படத்தில் பட்டை பட்டையாக வரி விழும். 1/100 அல்லது 1/50, இந்த இரண்டுதான்.

1/50 என்றதும் தாளம் போடுகிற கை கலங்கிவிடுமே என்று பயப்பட வேண்டாம், தாளத்தைத் தெரிந்துகொண்டால் போதும். ஆதி தாளத்தில் முதல் தட்டு வேகம்; அது கலங்கும். அடுத்து சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை, அந்த மூன்றிலும் கை ஓரிடத்தில் நிற்கும். படம் அங்கே. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சில் கை திரும்பி மல்லாந்து தொடையில் அமர்கிற நொடியும் அசைவற்றது. மாமி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலில் எண்ணிக்கொண்டிருக்கும் அந்தக் கையை 1/50இல் மயிரிழை கலங்காமல் எடுக்கலாம்.

அரண்மனை மைதானம் போன்ற திறந்தவெளி நிகழ்ச்சிகளில் நல்ல நேரம் சாயங்காலம்தான். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி அடங்க வேண்டும் என்பது விதி, அதனால் பாட்டு பெரும்பாலும் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். பெங்களூரில் டிசம்பரில் சூரியன் 6 மணியை ஒட்டியும் ஜூன் கடைசியில் 6:50ஐ ஒட்டியும் மறைகிறது. அதற்கப்புறம் இருபது நிமிஷம்வரை வானம் நீலமாக நிற்கும். எஃப்/2.8, 1/60, ஐஎஸ்ஓ 800 வைத்தால் வானம் கிடைக்கும். அதோடு 1/64 ஃப்ளாஷும் அரை ஆரஞ்சு ஜெல்லும் சேர்ந்தால் முகம் சூடாகவும் வானம் ஆழ்ந்த நீலமாகவும் வரும். இருட்டியபின் நூறு தடவை அடித்தாலும் இந்தப் படம் வராது. இருபது நிமிஷத்துக்காக ஐந்து மணிக்கே வாசலில் நிற்பதில் தப்பில்லை. பாஸில் கேமரா அனுமதி என்று எழுதியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் கழற்றுகிற கேமராவைச் சாதாரண டிக்கெட்டோடு பல நிகழ்ச்சிகளில் உள்ளே விடமாட்டார்கள்.

இருட்டினால் பிளைண்டர் பக்கம் கண்ணை வையுங்கள். பல்லவி வந்ததும் லைட் இயக்குபவர் கூட்டத்தின் மேல் அதைத் திறப்பார், இரண்டு மூன்று செகண்ட். அந்த நேரத்தில் பத்தாவது வரிசை முகம்கூடத் தெரியும், எந்த ஃப்ளாஷும் கொடுக்க முடியாத வெளிச்சம் அது. ஃப்ளாஷை அணைத்து, 1/125, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200 என்ற அமைப்பை கேமராவின் இன்னொரு நினைவகப் பதிவில் வைத்திருந்தால் ஒரே திருகலில் மாறலாம். நிகழ்ச்சிக்கு முன்பே லைட் மேசைக்குப் போய், எந்தெந்தப் பாட்டில் பிளைண்டர் என்று கேட்டு வைப்பது நல்லது. சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கும் தங்கள் வேலை படத்தில் தெரிய வேண்டும். மேடையின் எல்ஈடி திரையும் இலவச விளக்குதான். திரையில் வெள்ளைக் காட்சி வரும்போது முன்கூட்டம் முழுக்க மிருதுவாக வெளுக்கும். தனி நீலமோ தனிச் சிவப்போ எரியும்போது மட்டும் அளவைக் குறைத்து எடுங்கள். மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் (வெளிச்ச அளவைக் காட்டுகிற வரைபடம்) பார்த்தால் ஒரு நிறம் மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும், முகத்தில் கண் மூக்கு வாய் எதுவும் மிஞ்சாது. மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் இருட்டாக, ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பாக எடுங்கள்.

புகை இயந்திரம் ஊத ஆரம்பித்தால் ஃப்ளாஷ் கையை விட்டுவிடும். கேமராவின் மேலேயே இருக்கிற ஃப்ளாஷ் லென்ஸுக்கு முன்னால் இருக்கிற புகையை வெளுத்து, படத்துக்கு மோர் தெளித்தது போல் திரை போடும். மே முதல் செப்டம்பர் வரையான மாலைத் தூறலிலும் இதே கதை, ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை உருண்டை. வி1 உள்ளேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஏற்பி இருப்பதால், தனியாக வாங்க வேண்டிய டிரிக்கரைக் (ஃப்ளாஷை எட்டி இருந்து இயக்குகிற கருவி) கேமராவில் செருகி, ஃப்ளாஷை இடது கையில் எட்டித் தூக்கிப் பிடித்தால் பாதி தப்பிக்கலாம். அடர்த்தியான புகைக்கு அதுவும் உதவாது, அணைத்துவிட்டு மேடை ஒளி புகையில் போடுகிற கற்றைகளை எடுங்கள். கைகள் நிழலாக நிற்க, 1/250, மேடைக்கு அளந்து.

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் படம் கெடுகிற சில இடங்கள்: தொண்டர்களும் காவலர்களும் போட்டிருக்கும் மஞ்சள் ஜாக்கெட்டின் வெள்ளிப் பட்டை வந்த வழியே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், 1/128இல்கூட டியூப்லைட் போல எரியும். அவரை ஃபிரேமுக்கு வெளியே விடுவது ஒன்றுதான் வழி, எடிட்டிங்கில் அதை அடக்க முடியாது. மூக்குக் கண்ணாடியில் விழுகிற மின்னலுக்கு ஃப்ளாஷ் தலையை நிமிர்த்துவதே போதும். மல்லிகைச் சரம் முகத்துக்கு ஒரு ஸ்டாப் முன்பே வெளுக்கும். ஜரிகை அதைவிட மோசம். பூவில் இதழ் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து அளவு வைத்தால் முகம் தானாகச் சரியாக இருக்கும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக: முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் படம் எடுக்கலாம், அதிலும் ஃப்ளாஷ் கிடையாது என்பது பெரிய நிகழ்ச்சிகளில் பத்திரிகைப் படக்காரர்களுக்கு உள்ள வழக்கம். கூட்டத்தை நோக்கி அடிக்கிற ஃப்ளாஷையும் சில குழுக்கள் விரும்பாது. தயாரிப்புப் பொறுப்பாளரிடம் கேட்காமல் முதல் மின்னலை அடிக்காதீர்கள்.

வாங்குவதா?

இவ்வளவு கணக்குப் போட்டபின் ஒன்றை மறைக்க முடியாது. கூட்டத்துக்கு வேண்டிய கைடு நம்பர் மூணு நாலு என்றால், அந்த வேலைக்கு மட்டும் வி1 தேவைக்கு மேல். கோடாக்ஸின் சின்ன டிடி350, இரண்டு ஏஏ செல்லில் ஓடுவது, பேட்டரி இல்லாமல் 200 கிராம். 105 மி.மீ. ஜூமில் அதன் கைடு நம்பர் 36. அகலமாக விரித்தால் அது நன்றாகவே குறையும், ஆனாலும் 1/32 பக்கம் வைத்து 3 மீட்டரை எளிதாக நிரப்பிவிடும். சின்ன மிரர்லெஸ் கேமராவைத் தலைக்கு மேல் தூக்குகிறவர்களுக்கு எடையில் பெரிய நிம்மதி. குறை: லென்ஸுக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்திருப்பதால் இருட்டில் விரிந்த கண்மணிகள் சிவப்பாக வரும், சதுரத் தலையின் ஓரமும் வெட்டும். தலையின் மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் ஒட்டினால் ஓரம் மெத்தென்று ஆகும், அரை ஸ்டாப் போனாலும் மிச்சம் நிறைய இருக்கிறது.

நடுவே டிடி685 இரண்டாம் பதிப்பு. நாலு ஏஏ செல். முழுத் திறனில் 2.6 செகண்ட் வரை காத்திருக்க வைக்கும் என்பது கல்யாணத்தில் கோபம் வரவழைக்கலாம். கூட்டத்தில் 1/64இல் அதை உணரவே மாட்டீர்கள். சாதாரண அல்கலைன் செல் மட்டும் போடாதீர்கள், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டு ஜோடித் தொகுப்பு, ஒரே வயது, ஒரே சார்ஜ். வி860 மூன்றாம் பதிப்பில் வி1இன் அதே லித்தியம் பேட்டரி சதுரத் தலையோடு வரும்; ஜூம் 20இல் தொடங்குவதால் 24 மி.மீ. லென்ஸ்காரர்களுக்கு மூலை கருக்காது. வி1 28இல்தான் தொடங்குகிறது, 24இல் மூலை சற்று மங்கும். கூட்டத்துக்கு அந்த மங்கல் அழகுதான், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆக, மாதத்தில் நாலு கல்யாணமும் ஒரு கச்சேரியும் எடுக்கிறவருக்கு வி1. கச்சேரி மட்டும் என்றால் டிடி350யும் ஒரு துண்டு ஜெல்லும். மிச்சப் பணத்தைப் பிரைம் லென்ஸில் போட்டால், இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய முக்கால்வாசி ராத்திரிக்கு அது உழைக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் என்றால் வாடகை.

வாடகைக்கு எடுக்கும்போது கடையிலேயே ஐந்து நிமிஷம் செலவழியுங்கள். அடிப்பாகத்தில் இருக்கும் பின்கள் உங்கள் கேமரா நிறுவனத்துக்கானவையா என்று பாருங்கள்; வி1 கேனானுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது, நடுப்பின் மட்டும் தொட்டு எரிந்தால் ரியர் கர்ட்டன் கிடைக்காது. பேட்டரியை வெளியே எடுத்து மேஜையில் படுக்க வையுங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது, வேறு கேளுங்கள். முழுத் திறனில் ஒன்று அடித்து விளக்கு திரும்ப எரிய எத்தனை செகண்ட் என்று எண்ணுங்கள். ஒன்றரை என்று எழுதியது நாலு ஆனால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. ஜூமை 28இலிருந்து 105க்கு ஓட்டும்போது உள்ளே சன்னமான உறுமல் கேட்க வேண்டும், கரகரப்பு கூடாது. கடைசியாக 1/256இல் வைத்து உள்ளங்கையைப் பார்த்து ஐந்து முறை அடித்துப் பாருங்கள். ஐந்தும் ஒரே அளவாக எரிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.